கிடைக்கோட்டில் ஒரு தையற்கடை

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று என்னை நானே பலமுறை கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இல்லை என்ற விடையே வந்தது. வந்த பிறகும் எழுதத் துணிந்தமைக்காக வாசகப் பெருமக்களிடம் முதற்கண் பணிவுடன் மன்னிப்புக் கோருகிறேன். பள்ளியிலும் கல்லூரியிலும் இலக்கணத்தைப் பிழையறக் கற்றேன் என்பதைத் தவிர எனக்கு வேறு முதல் கிடையாது. அலுவலகக் குறிப்புகள் எழுதிப் பழகிய கை இது. ஆகவே எங்கேனும் ‘மேற்படி’, ‘மேற்சொன்னவாறு’ போன்ற சொற்கள் தலைகாட்டினால் பொறுத்தருள வேண்டும்.

நான் நகரப் பேருந்துக் கழகத்தின் கால அட்டவணைப் பிரிவில் பணிபுரிகிறேன். அங்கே என்ன செய்கிறோம் என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை; கேட்காமலேயே சொல்வதற்கு மீண்டும் மன்னிக்கவும். எங்கள் மேசையில் ஒரு பெரிய தாள் விரிந்திருக்கும். அதில் இடமிருந்து வலமாக நேரம் நகரும். கீழிருந்து மேலாகத் தூரம் ஏறும். ஓடுகின்ற பேருந்து அந்தத் தாளில் ஒரு சாய்கோடு. விரைந்து ஓடினால் கோடு நிமிரும். மெதுவாக ஓடினால் படுக்கும். பேருந்து எங்காவது நின்றுவிட்டால் தூரம் கூடாமல் நேரம் மட்டும் போய்க்கொண்டிருக்கும் அல்லவா, அப்போது கோடு தரையோடு தரையாகக் கிடக்கும். அதற்குக் கிடைக்கோடு என்று பெயர்.

என் மனைவி பேருந்து ஓட்டுநர். நான் வரைந்த கோட்டின் மேல்தான் அவள் ஓட்டினாள்.

இதை எழுதும்போது சற்றுக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை. பிற்பகல்களில் அலுவலகச் சன்னல் வழியே வெயில் வந்து தாளின் மேல் படியும். பென்சில் முனையை ஏதேனும் ஒரு கோட்டில் வைத்துக் கண்ணை மூடினால், அவள் இப்போது பாலத்தின் நடுவே இருக்கிறாள், இடப்புறம் ஆறு மின்னுகிறது, கண்ணாடியில் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொள்கிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பென்சில் நகரும், அவளும் நகர்வாள். சில நேரம் பென்சிலை வெகு மெதுவாக எடுத்துச் செல்வேன், அவளுக்குக் கை வலிக்கக் கூடாது என்று. இப்படிப்பட்ட ஆளை எந்த அலுவலகமும் வேலைக்கு வைத்திருக்கக் கூடாதுதான்.

அவள் ஓட்டிய தடம் நகரின் நடுவிலிருந்து புறப்பட்டு, பாலம் கடந்து, மேட்டுக் குடியிருப்பின் உச்சியில் முடியும். முடியும் இடம் எங்கள் வீட்டு வாசல். அங்கே பேருந்து பத்து நிமிடம் நிற்கும். ஏற்றம் ஏறிய இயந்திரம் ஆறுவதற்காக, யாரோ எப்போதோ வைத்த நிறுத்தம் அது. இயந்திரம் ஆறியதோ இல்லையோ, அந்தப் பத்து நிமிடத்தில்தான் என் அக்காவின் பிழைப்பு நடந்தது.

அக்கா தையற்காரி. அத்தான் காலமான பிறகு ஒரு பெட்டியோடும் ஒரு தையல் இயந்திரத்தோடும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே முன்னறையின் சன்னல் கதவை அகலத் திறந்து, “இது என் கடை. என் சோத்துக்கு நான் தைப்பேன். தம்பி வீட்டுல ஓசிச் சோறு தின்னவள்னு என் காதுபட ஒருத்தர் சொல்லக் கூடாது” என்றாள். ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை என்றேன். “சொல்றதுக்கு முன்னாடியே சொல்லி வைக்கிறேன்” என்றாள்.

மேட்டில் இருப்பவர்கள் அவ்வளவு பேரும் அந்தப் பேருந்தில்தான் வேலைக்கு இறங்குவார்கள். பேருந்து நிற்கும் நேரத்தில் சன்னல் முன் கூட்டம் சேரும். அறுந்த பொத்தான், பிரிந்த தையல், கையில் சுருட்டிய சீருடை. சிலர் சட்டையைப் போட்டபடியே சன்னலில் கையை நீட்டுவார்கள். அக்கா ஆளோடு சேர்த்துத் தைத்துவிடுவாள். பெரிய வேலைகளைக் காலையில் கொடுத்துவிட்டு மாலையில் வாங்கிக்கொள்வார்கள். கடைசி வளைவில் என் மனைவி ஒருமுறை ஒலிப்பானை அழுத்துவாள். ‘வந்துவிட்டேன், ஊசியில் நூலைக் கோத்துக்கொள்ளுங்கள்’ என்று அதற்குப் பொருள். புறப்படும்போது அக்கா பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டுக் கையை அசைப்பாள்.

“ஓட்டுநரம்மா, இன்னும் ஒரே ஒரு காஜா. உன் தேர் ஓடிப் போயிடாது.”

“அண்ணி, நீங்க காஜா தைச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பென்ஷன் வந்துடும்.”

“வரட்டும். அதுல ஒரு நல்ல ரவிக்கைத் துணி எடுத்துட்டு வா. நீ போட்டிருக்கிறதைப் பார்த்தா யார் தைச்சதுன்னு சொல்லிக்கவே எனக்கு வெட்கமா இருக்கு.”

“நீங்கதானே தைச்சீங்க?”

“அதான் சொல்றேன்.”

பேருந்து இறங்கிப் போகும். நான் தாளில் கிடைக்கோடு முடிந்து சாய்கோடு தொடங்கும் புள்ளியைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இனி இதையெல்லாம் குலைத்த வழக்குக்கு வருகிறேன். பேருந்துகள் எங்கள் கழகத்துக்குச் சொந்தமானவை அல்ல. ஓர் ஒப்பந்தக்காரர் வண்டியும் ஓட்டுநரும் தருவார். ஓடுகின்ற கிலோமீட்டருக்குக் கழகம் பணம் தரும். நின்றால் பணம் இல்லை. “நின்னாலும் டிரைவருக்கு நான்தானே சம்பளம் கொடுக்கிறேன்? நிக்கிற நேரத்துக்கும் காசு வேணும்” என்று ஒப்பந்தக்காரர் கேட்டார். நிற்கவே வேண்டாம் என்று கழகம் பதில் அளித்தது. தடங்களின் முடிவில் நிற்கும் நேரம் யாவும் நீக்கப்படும் என்றும், மீறி நிற்கும் ஓட்டுநர் பணியில் இருக்க மாட்டார் என்றும் சுற்றறிக்கை வந்தது.

அதே சமயத்தில் எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர் எங்கள் பிரிவுக்கு வந்தார். உறுப்பினர் எங்கே வருவதாக இருந்தாலும் அவருக்கு முன்னால் இவர் வந்து நிற்பார். அதனால் அலுவலகத்தில் இவருக்கு ‘நிழல்’ என்று பெயர். எங்கள் பிரிவுத் தலைவரை ‘அடிஸ்கேல்’ ஐயா என்போம். மர அடிஸ்கேல் இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. நிழல் என் தாளின் மேலேயே உட்கார்ந்தார். ஒரு முழு வழித்தடமும் அவருக்கு அடியில் போய்விட்டது.

“அந்த மேட்டுல என்ன சார் இருக்கு?”

“மக்கள் இருக்காங்க” என்றார் அடிஸ்கேல் ஐயா.

“அது எல்லா இடத்துலயும்தான் இருக்காங்க. மேட்டுக்குக் கீழே தலைவர் புதுசாச் சந்தை கட்டியிருக்கார். அங்க கடை இருக்கு, மக்கள் இல்ல. மேட்டுல மக்கள் இருக்காங்க, கடை இல்ல. பஸ்ஸைக் கீழேயே திருப்பிட்டா அவங்களா இறங்கி வந்துடுவாங்க. ரெண்டும் சேர்ந்துடும்.”

“மன்னிக்கணும் ஐயா, மேட்டுல ஒரு கடை இருக்கு” என்று நான் மெல்லச் சொன்னேன்.

“என்ன கடை?”

“தையற்கடை.”

அவர் என்னை அன்போடு பார்த்தார். “ஒரு கடையா! அப்ப பெரிய பஜார்தான்.”

அன்று மாலை சமையலறையில் செய்தியைச் சொன்னேன். நிறுத்தம் போகப் போகிறது. உறுப்பினர் கை வைத்தால் பேருந்தே போகலாம். அக்கா கத்தரிக்கோலைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். என் மனைவி சீருடையைக்கூட மாற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“ஏங்க, நிக்கிறதுதானே தப்பு? மெதுவா ஏறினா?”

“மெதுவா ஏறக் கூடாதுன்னு யாரும் சொல்லலை.”

“அப்ப உங்க தாள்ல அந்த ஏத்தத்தைப் படுக்க வைங்க. பத்து நிமிஷத்தையும் ஏறுற நேரத்துலயே கரைச்சிடுங்க. நான் எப்பவும்போலச் சட்டுனு ஏறிடுறேன். தாள்ல நான் இன்னும் ஏறிக்கிட்டே இருப்பேன், வாசல்ல நின்னுக்கிட்டிருப்பேன்.”

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “அடேயப்பா! தம்பி, உன் பெண்டாட்டிக்கு மூளை இருக்குடா. இத்தனை நாளா ஸ்டியரிங்கை மட்டும் பிடிக்கத்தான் தெரியும்னு நினைச்சேன்.”

“உங்க நாக்குக்குத் தையல் போட ஆள் இல்லையா அண்ணி?”

“இருந்தா உனக்குப் பொழுது போகாது.”

மறுநாள் அப்படியே வரைந்து அடிஸ்கேல் ஐயாவிடம் வைத்தேன். அவர் அடிஸ்கேலை அந்தக் கோட்டின் மேல் வைத்துச் சிறிது நேரம் பார்த்தார்.

“மேடு போன வருஷத்தைவிட வளர்ந்திருக்கு போல.”

“மழைக்காலம் ஐயா.”

“மழைக்கு மேடு வளருமா தம்பி?”

அவர் தம் சட்டைக் கையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். அந்தப் பொத்தானும் அக்கா தைத்ததுதான். பிறகு கையெழுத்திட்டார்.

அதன் பின் சில மாதங்கள் எப்படிப் போயின என்பதை எழுதிக் காட்டும் திறமை எனக்கு இல்லை. நகரத்தில் யாருக்கும் தெரியாத ஒரு நேரம் எங்கள் வாசலில் இருந்தது. தாளின்படி பேருந்து மேட்டின் பாதியில் ஊர்ந்துகொண்டிருக்கும். அதே பேருந்து எங்கள் சன்னல் முன் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். இல்லாத நேரத்துக்குள் மனிதர்கள் வரிசையில் நின்றார்கள், பேசினார்கள், கைகளை நீட்டினார்கள். அக்காவின் ஊசி வெயிலில் மின்னி மின்னி மறைந்தது. அந்த நேரத்தில் தைத்த பொத்தான்கள் மட்டும் அறுவதே இல்லை என்று மேட்டில் பேசிக்கொண்டார்கள். விடுப்பு நாளில் நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நானும் தாளில் எங்கும் இல்லாதவன் போல இருக்கும்.

பேருந்தின் நடமாட்டத்தைக் காட்டும் கருவி பொருத்தியிருந்தால் அன்றே பிடிபட்டிருப்போம். கருவிக்கான ஒப்பந்தமும் வழக்கில் இருந்ததால் பிழைத்தோம்.

எங்களைப் பிடித்தது எங்கள் கோடுதான். ஒப்பந்தக்காரர் வழக்கை நடுவர் முன் கொண்டுபோனார். அவருடைய வழக்கறிஞர் எல்லா அட்டவணைகளையும் புரட்டி, மேட்டுத் தடத்தில் வந்து நின்றார். இவ்வளவு சிறிய ஏற்றத்துக்கு இவ்வளவு நேரமா? இனிக் கிலோமீட்டர் கணக்கு வேண்டாம், மணிக் கணக்கில் பணம் கொடுங்கள் என்றார். இதைக் கேள்விப்பட்ட உறுப்பினர், கட்டி முடித்த சந்தையைவிட இதில் அதிக மகிழ்ச்சி அடைந்திருக்க வேண்டும். பேருந்து இப்படித் திணறி ஏறும் சாலை மக்களுக்கு ஆபத்து, மேட்டுப் பகுதியை உடனே நீக்குக என்று அறிக்கை விட்டார். நேரில் ஏறிப் பார்த்து முடிவு செய்ய ஒரு குழு அமைந்தது. வழக்கமான வண்டி, வழக்கமான ஓட்டுநர் என்று உத்தரவு. அதாவது, என் மனைவி.

குழு வரும் நாள் காலையில் மேடெங்கும் மூடுபனி. அக்கா சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சீருடையின் கைமடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி ஏறப் போறே?”

“தெரியல அண்ணி. சட்டுனு ஏறினா ரோடு நல்ல ரோடுன்னு ஆயிடும். அப்ப மீதி நேரம் எங்க போச்சுன்னு கேப்பாங்க. இவர், கையெழுத்துப் போட்ட பெரியவர், நான், மூணு பேரும் வேலை போய் வீட்டுக்கு வந்துடுவோம்.”

“மெதுவா ஏறினா?”

என் மனைவி திறந்திருந்த சன்னலைப் பார்த்தாள்.

“என் கடை போகும். அவ்வளவுதானே? அதைச் சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா?”

“அக்கா, வேற ஏதாவது வழி…” என்று தொடங்கினேன்.

“நீ சும்மா இரு. மன்னிக்கணும் ஐயான்னு ஆரம்பிச்சு நீ ஒரு வாக்கியத்தை முடிக்கிறதுக்குள்ள கமிட்டியே கலைஞ்சிடும்.” அவள் பல்லால் நூலைக் கடித்தாள். “மெதுவா ஏறு ஓட்டுநரம்மா. மூணு பேரு சோறு பெரிசா, ஒரு ஆள் சோறு பெரிசா?”

“நான் வேகமாத்தான் ஏறுவேன்.”

“ஏறித்தான் பாரேன். அப்புறம் உனக்கு நான் ரவிக்கையே தைக்க மாட்டேன்.”

என் மனைவி சாவியை எடுத்துக்கொண்டு போனாள். எந்த முடிவோடு போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. என் கையில் கோடு இல்லாமல் அவள் ஓட்டப்போகும் முதல் நாள் அது என்று மட்டும் தோன்றியது.

நகரின் நடுவில் குழு பேருந்தில் ஏறியது: கழகத்தின் மேலாண்மை இயக்குநர், ஒப்பந்தக்காரர், உறுப்பினர், நிழல், அடிஸ்கேல் ஐயா. நேரத்தைக் குறிக்க நான். பாலம் கடக்கும்வரை எல்லோரும் பேசிக்கொண்டே வந்தார்கள். உறுப்பினரின் சட்டைக் கையில் ஒரு பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. நிழல் அதைப் பார்த்துப் பதறினார். “தலைவரே, மேல ஒரு தையற்காரம்மா இருக்காங்களாம். போனதும் போட்டுடலாம்.”

மேட்டின் அடியில் பேருந்து ஒரு கணம் தயங்கியது. கண்ணாடியில் என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு பார்வையைத் திருப்பி, வண்டியை முதல் கியரில் போட்டாள். அதிலிருந்து அவள் மாற்றவே இல்லை.

அவ்வளவு மெதுவாக ஒரு பேருந்து ஏறி நான் கண்டதில்லை. இரண்டு பக்கமும் வெண்மை. மரங்கள் ஒவ்வொன்றாக வந்து, எங்களை நின்று பார்த்துவிட்டுப் பின்னால் போயின. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த ஒருவர் எங்களைக் கடந்து போனார். போகும்போது மரியாதையாகத் தலையசைத்தார். தண்ணீர்க் குடம் சுமந்த ஒரு பெண் சிறிது தூரம் என் சன்னலோடு சேர்ந்து வந்து, அலுத்துப்போய் முன்னே சென்றுவிட்டாள். நிழல் தொலைபேசியில் பேசுவதற்காக ஓடும் பேருந்திலிருந்து இறங்கினார். பேசியபடியே எங்கள் பக்கத்தில் நடந்தார். முடித்துவிட்டு மீண்டும் ஏறிக்கொண்டார். உறுப்பினர் உறங்கிவிட்டார். அடிஸ்கேல் ஐயாவின் கண்கள் மூடியிருந்தன. மடியில் அடிஸ்கேல் வண்டியின் சாய்வுக்கேற்பச் சாய்ந்திருந்தது. நான் வரைந்த பொய்க்கோட்டின் உள்ளே உட்கார்ந்து நானே போய்க்கொண்டிருந்தேன். தாளில் அது பென்சில் கீற்று. உள்ளே வந்து பார்த்தால் பனியும், இயந்திரத்தின் முனகலும், ஸ்டியரிங்கைப் பிடித்த இரண்டு வெளுத்த கைகளும். அது முடியாமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன். ஏறிக்கொண்டிருக்கும்வரை எதுவும் போகவில்லை.

கடைசி வளைவில் அவள் ஒலிப்பானை அழுத்தினாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அட்டவணை சொன்ன நிமிடத்தில், சொன்ன இடத்தில் இருந்தோம். என் வாழ்நாளில் நான் வரைந்த எந்தக் கோட்டையும் யாரும் இவ்வளவு துல்லியமாக ஓட்டிக் காட்டியதில்லை.

சன்னலில் அக்கா ஊசியும் நூலுமாக நின்றிருந்தாள். நிழல் எட்டிக் குரல் கொடுத்தார்.

“அம்மா, ஒரு பொத்தான். தலைவர் சட்டை. சீக்கிரம்!”

அக்கா சட்டையைப் பார்த்தாள். பிறகு தன் தம்பி மனைவியைப் பார்த்தாள்.

“அட்டவணையில இங்க நிக்க நேரம் இல்லையேங்க. வந்ததும் திரும்பணும். கீழே உங்க சந்தையில தைச்சுக்குங்க.”

பேருந்து நிற்காமல் வட்டமடித்துத் திரும்பியது. எங்கோ வளைவில் அந்தப் பொத்தான் உதிர்ந்து, இருக்கைகளுக்கு அடியில் உருண்டு போகும் ஒலி கேட்டது. யாரும் குனியவில்லை.

மேட்டுச் சாலை பயணிகளுக்கு உகந்ததன்று என்று குழு முடிவு செய்தது. பேருந்து சந்தையோடு திரும்பும் என்று அறிவித்தார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிய கிலோமீட்டரைக் குறைக்க ஒப்பந்தக்காரர் சம்மதிக்கவில்லை, ஓட்டினால்தான் அவருக்குப் பணம், வழக்கோ முடியவில்லை. ஆகவே தீர்ப்பு வரும்வரை சந்தையில் எல்லோரையும் இறக்கிவிட்டு, கதவுகளை மூடிக்கொண்டு, பேருந்து மட்டும் மேடேறி இறங்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஆபத்து பயணிகளுக்குத்தான், வண்டிக்கு அல்லவாம்.

இப்போதும் அப்படித்தான் ஓடுகிறது. விளக்குகள் எரிய, இருக்கைகள் காலியாக, அது பனிக்குள்ளிருந்து வருகிறது. மக்கள் ஓரமாக ஒதுங்கி வழி விடுகிறார்கள். எங்கள் வாசலில் நிற்காமல் திரும்புகிறது. கடைசி வளைவில் என் மனைவி இன்னும் ஒலிப்பானை அழுத்துகிறாள், பழக்கம் என்கிறாள். அக்கா நகரத்தில் ஓர் ஆயத்த ஆடைக் கூடத்தில் சேர்ந்துவிட்டாள். அங்கே அவளுக்குக் காலர் மட்டும். பொத்தானை இயந்திரம் தைக்கிறது. காலையில் நடந்து இறங்கும்போது காலிப் பேருந்து அவளைக் கடந்து போகும். என் மனைவி கதவைத் திறக்க முடியாது. அக்கா பார்க்காமலேயே கையை அசைப்பாள். “போ, போ. உன் தேர்ல ஏறினா எனக்குத் தலை சுத்தும்.” மூடிய கண்ணாடிக்குள் இருப்பவளுக்கு அது கேட்காது.

மீண்டும் மன்னிப்புக் கோரி முடிக்கிறேன். எங்கள் பிரிவில் எதை முடித்தாலும் கழித்ததைக் கீழே குறிப்பது வழக்கம். மேற்படி தடத்தில் இழந்தவை: பத்து நிமிட நிறுத்தம். என் தாளில் ஒரு கிடைக்கோடு. முன்னறைச் சன்னலில் ஒரு தையற்கடை. மேட்டிலிருந்து இறங்குவோருக்கும் ஏறுவோருக்கும் பேருந்து. அக்கா தன் வீட்டு வாசலிலேயே சம்பாதித்த சோறு. உறுப்பினரின் சட்டைப் பொத்தான் ஒன்று. அதை என் மனைவி வண்டியைக் கூட்டும்போது கண்டெடுத்து அக்காவிடம் கொடுத்தாள். அக்கா அதை வைத்திருக்கிறாள். ஆகவே அதை மட்டும் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறேன்.